கண்ணாடிக்குள் ஒரு சப்போட்டா மரம்

மல்லேஸ்வரம், பெங்களூரு

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலிக்குத் தைலத்தையே நம்பிக்கொண்டிராமல் டாக்டரைப் பார். என் சேதி வேறு. ஒரு மாதமாக எங்கள் கொல்லையில் பறவைகள் செத்து விழுகின்றன.

போன வருடம் நீ பழம் பறித்தாயே, அந்தச் சப்போட்டா மரத்துக்கும் பின்மதிலுக்கும் நடுவில்தான். முதலில் ஒரு கொண்டைக்குருவி. பூனை வேலை என்றால் இறகு சிதறியிருக்கும். இது தூங்குவதுபோல் கிடந்தது. மறுவாரம் இரண்டு குக்குறுவான்கள். விடிந்ததும் 'குட்ரூ, குட்ரூ' என்று தெருவையே எழுப்புமே, அந்தப் பச்சைப் பறவை. ஒன்றின் அலகில் பழச்சதை இன்னும் காயவில்லை.

பறவைக் காய்ச்சலாக இருக்கும், வெறுங்கையால் தொடாதே என்றான் மகன். எனக்கோ பக்கத்து வீட்டு அம்மாள்மேல் சந்தேகம். மாமரத்துத் தத்துப்பூச்சிக்கு மருந்து அடித்திருந்தார். போய்க் கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை. அவர் ஒன்றும் பேசாமல் வேப்பெண்ணெய் டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஹெப்பாளில் ஒரு கால்நடை மருத்துவர் குக்குறுவானை அறுத்துப் பார்த்தார். வயிறு நிறையப் பழம். மண்டைக்குள் இரத்தக் கட்டு. "வீட்டருகே புதிதாகக் கண்ணாடி போட்டிருக்கிறார்களா?" என்று கேட்டார்.

போட்டிருக்கிறார்கள். பின்னாலிருந்த ஓட்டு வீட்டை இடித்து, மதிலை ஒட்டி நான்கு மாடி எழுப்பியிருக்கிறார்கள். சாயங்கால வெயிலில் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்குள் என் சப்போட்டா மரமே நின்றது, மேலே வானத்தோடு. அதன் நடுவில், ஆள் உயரத்தில், திருநீற்றை அப்பியதுபோல் ஒரு தடம். விரிந்த இரண்டு சிறகுகள், நடுவே நெஞ்சின் வட்டம்.

அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி பறவைகள்வரை கட்டடங்களில் மோதிச் சாவதாக 2014இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நம் ஊரில் எண்ணுவதற்கு முன்பே பெருக்கித் தள்ளிவிடுகிறோம்.

பருந்துப் படம் ஒன்றை ஒட்டினால் போதாதாம்; பறவை அதைச் சுற்றிப் போய் மோதும். கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுவதும் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளி வேண்டும். கெஞ்சிக் கேட்டதில் கீழ்த்தளத்துக்கு மட்டும் சம்மதித்தார்கள். நான் வெள்ளைப் பெயின்டோடு கோணலும் மாணலுமாகப் புள்ளி வைப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாள், தூரிகையைப் பிடுங்கிக்கொண்டார். நாற்பது வருடமாக வாசலில் ரங்கோலி போட்ட கை. அளவுகோலைத் தொடவே இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒன்றும் விழவில்லை. ஆனால் இன்று காலை வாசல் பக்கம், கண்ணாடியே இல்லாத இடத்தில், ஒரு பெண்குயில் கிடந்தது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. கண் மட்டும் இன்னும் சிவப்பு மாறவில்லை. பையில் சுற்றி, ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியில் வைத்திருக்கிறேன். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. நாளைக் காலை மறுபடி ஹெப்பாளுக்குப் போகிறேன்.

அன்புடன்,
மணி