வெள்ளைச் சீருடையில் வெள்ளை எழுத்து

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள மச்சான்,

மூன்று மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபத்தில் இருப்பாய், தெரியும். அம்மா சுகம். சின்னவன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நமக்குப் படிப்பித்த சேர் இறந்த 31ஆம் நாள் நினைவுக்கு, பழைய பள்ளிக்கூடப் படங்களை வைத்து நான் வீடியோ செய்தேன் அல்லவா? அன்று நடந்த ஒன்றை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஹோலில் விளக்கை அணைத்துவிட்டு வீடியோவைப் போட்டோம். எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். முடிந்ததும் டீச்சர் என் கையைப் பிடித்து, "தம்பி, பிள்ளைகளின் பெயரெல்லாம் போட்டிருக்கிறீர் போல. ஒன்றும் வாசிக்க முடியவில்லையே" என்றார். கண் ஒப்பரேசன் செய்தவர், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ஃபோனில் பார்த்தேன். எனக்கும் வாசிக்க முடியவில்லை.

எப்படி முடியும்? எல்லாப் படத்திலும் நாங்கள் வெள்ளைச் சீருடையில் நிற்கிறோம். பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர். அதற்கு மேல் நான் வெள்ளை எழுத்து போட்டிருக்கிறேன். மெல்லிய கறுப்புக் கரையும் நிழலும் கொடுத்திருந்தேன். கணினித் திரையில் அது போதும் போலத்தான் இருந்தது. வட்ஸ்அப்பில் சுருங்கிப் போனதும் கரையும் இல்லை, நிழலும் இல்லை. எங்களை ஒருநாளும் இலக்கம் சொல்லிக் கூப்பிடாத மனிதர் சேர். அவருடைய வீடியோவில் பெயர்கள் தெரியவில்லை என்பது இரண்டு நாள் என்னைத் தூங்க விடவில்லை.

எழுத்துக்குப் பின்னால் ஒரு நிறப் பட்டி வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' ஒரு கிழமை எடுத்தது. முதலில், நான் வீடியோ தொகுக்கிற டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் இருக்கிற சாதாரண டெக்ஸ்ட் தலைப்பில் பின்னணி கொடுத்தேன். அதன் அகலமும் உயரமும் நாமே வைப்பது. பெயர் நீண்டால் பட்டி நீளாது. 'ரவி' என்றால் இரண்டு பக்கமும் வெறும் நீலம், 'பாலசுப்பிரமணியம்' என்றால் எழுத்து வெளியே நிற்கும். ஒவ்வொரு பெயருக்கும் இழுத்து இழுத்து விரல் நொந்துவிட்டது.

அப்புறம்தான் அதே மென்பொருளில் உள்ள இன்னொரு தலைப்புக் கருவியான டெக்ஸ்ட் பிளஸைத் திறந்தேன். இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது. அதில் ஷேடிங் என்ற பகுதிக்குப் போனால் எலிமெண்ட் 1 முதல் 8 வரை இருக்கும். முதலாவது எழுத்து, இரண்டாவது சிவப்புக் கரை, மூன்றாவது நிழல், நான்காவது நீலப் பட்டி. நான்காவதை இயக்கிவிட்டால் போதும், எழுத்தின் அளவுக்குப் பட்டி தானாக நீளும், சுருங்கும். பட்டி முழு எழுத்துக்கும் ஒன்றாகவா, வரிக்கு வரியா, சொல்லுக்குச் சொல்லா என்பதையும் லெவல் என்ற இடத்தில் தெரிவு செய்யலாம். நான் வரிக்கு வரி வைத்தேன். தமிழிலும் சிங்களத்திலும் பெயர் வருகிறது, இரண்டு வரியும் ஒரே நீளம் இல்லையே.

நம்முடைய எழுத்துக்கு ஒரு கவனம் வேண்டும், மச்சான். 'மூ', 'பூ' கீழே இறங்கும்; 'கி', 'தீ' மேலே வளையும். இறுக்கமான பட்டியில் அவை விளிம்பில் முட்டும். அதனால் பட்டியின் உயரத்தைக் கூட்டும் எக்ஸ்டெண்ட் வேர்ட்டிகலைக் கொஞ்சம் கூட்டி மேலும் கீழும் மூச்சுவிட இடம் கொடுத்தேன். நீ அனுப்பிய பெயர்ப் பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரொறன்ரோவுக்குப் போய் இத்தனை வருடமாகியும் இன்னும் பாமினி என்ற அந்தப் பழைய எழுத்துருவில்தான் தட்டுகிறாய்! ஒட்டினால் ஆங்கில எழுத்தாகத்தான் வந்து விழுந்தது. எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றினேன். அடுத்த முறை யுனிகோடிலேயே அனுப்பு.

நிறம் கருநீலம். சேரின் பேனா மையின் நிறம், ஞாபகம் இருக்கிறதா? பழுப்பேறிய படத்திலும் வெள்ளைச் சீருடையிலும் அது ஒன்றுதான் தனியாக நிற்கிறது. இணையப் பக்கங்களுக்கான அணுகல் வழிகாட்டி, எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. பெரிய எழுத்தென்றால் 3க்கு 1. கருநீலத்தில் வெள்ளை அதைத் தாராளமாகத் தாண்டும். பட்டியை முழுக்க இருட்டாக்காமல், பின்னால் உள்ள படம் இலேசாகத் தெரியும்படி விட்டேன். அப்படியும் முதல் தடவை குழுப்படத்தில் பட்டி கீழே விழுந்து, தரையில் சப்பாணி கொட்டி இருந்த ஒருவனை மறைத்துவிட்டது. நீதான். உடனே மேலே, தென்னை ஓலைப் பக்கம் தூக்கிவிட்டேன்.

நேற்று டீச்சர் வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு பெயரையும் சத்தமாக வாசித்தார். பின்வரிசை வந்ததும் நிறுத்தி, "இது அவன் இல்லையே, தம்பி" என்றார். முன்பு எழுத்து தெரியாததால் ஒருவரும் பிழை கேட்கவில்லை. இப்போது தெரிகிறது. இடமிருந்து ஐந்தாவது, காது பெரிய பையன், நெட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறான். டீச்சருக்கு முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை. எனக்கும் வரவில்லை. சேரின் முதல் வருட நினைவான ஆட்டைத் திவசத்துக்கு முன் இதை முடிக்க வேண்டும்.

படத்தை இத்துடன் அனுப்புகிறேன். உனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவன் என்று நினைக்கிறேன். அவன் பெயரை எழுது. அதுவரை அந்தப் பட்டியில் கேள்விக்குறிதான் இருக்கிறது.

அன்புடன்,
உன் வெள்ளவத்தைக்காரன்