ஈரமான போனை அரிசிக்குள் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவில்பட்டியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் தொழில்நுட்பக் குறிப்புகளைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் உண்டு. அச்சில் வந்ததை அவ்வளவு நம்புகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்லி போன வாரம் போட்டிருந்தீர்கள். தயவுசெய்து அதற்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

அரிசி டப்பாவிலிருந்து நேராக என் மேஜைக்கு வரும் போன் எப்படி இருக்கும் தெரியுமா? சார்ஜர் செருகும் துளையில் ஒரு குருணை மாட்டியிருக்கும். ஈரத்தில் ஊறியதால் ட்வீசரால் இழுத்தால் முழுதாக வராது, பொடிந்து உள்ளே போகும். அப்புறம் போனைப் பிரித்தால், கனெக்டர் ஓரமெல்லாம் பச்சை பூத்திருக்கும். உள்ளே தங்கிய ஈரத்தை வெளியே இருக்கும் அரிசி இழுப்பதில்லை. ரெண்டு நாள் அரிசியில் கிடக்கட்டும் என்று விட்டுவைத்த நேரத்தில்தான் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு அரித்துப் போகிறது. அரிசிப் பையில் வைக்காதீர்கள், துகள் உள்ளே போய் போனைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவிட்டது.

செய்ய வேண்டியது இதுதான். உடனே அணைத்துவிடுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்கச் சார்ஜ் போடாதீர்கள். துளை கீழே இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்று படும் இடத்தில் வையுங்கள். விழுந்தது கடல் தண்ணீரிலோ டீயிலோ என்றால் காயக் காத்திருக்க வேண்டாம், கடைக்குக் கொண்டுபோங்கள். ஐபிஏ என்கிற, சீக்கிரம் ஆவியாகும் ஆல்கஹால் திரவம் தொட்டு பிரஷ்ஷால் போர்டைச் சுத்தம் செய்தால் பல போன்கள் பிழைத்துவிடும்.

இப்படிக் காலம் கடந்த குறிப்புகள் இன்னும் இருக்கின்றன. பேட்டரி முழுக்கத் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. அன்றைக்கு அது சரி. இன்றைய போன்களில் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரியை சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991இல். இந்த வகை பேட்டரி அடிக்கடி பூஜ்யத்துக்கு இறங்கினால்தான் சீக்கிரம் தேயும். 2023இல் வந்த ஐபோன் 15இல் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதியே இருக்கிறது. ஆனாலும் புதுப் போன் வாங்கியவர் அதை அணையும் வரை தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போடுகிறார். கம்ப்யூட்டர் டிஸ்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் 'டிஃப்ராக்' வேலையும் அப்படித்தான். சுழலும் ஹார்டு டிஸ்குக்கு அது பொருந்தும், சுழலும் பாகமே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்குத் தேவையில்லை.

பாஸ்வேர்டு கதை இன்னும் வருத்தமானது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்டில் இருந்த பில் பர் 2003இல் எழுதிய வழிகாட்டியிலிருந்துதான், எண்ணும் குறியும் கலந்து வைக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற வழக்கம் உலகமெங்கும் பரவியது. 2017இல் அதே நிறுவனம், களவு போனதாகத் தெரிந்தால் மாற்றினால் போதும் என்று விதியைத் திருத்தியது. பில் பர்ரும் அப்படி எழுதியதற்காக வருத்தப்படுவதாகச் சொன்னார். இங்கே வயதானவர்கள் இன்னமும் மாற்றி மாற்றி வைத்து, மறந்துபோய், கடைசியில் போன் கவருக்குள் சீட்டில் எழுதி வைக்கிறார்கள்.

இந்த வகைக் குறிப்புகளுக்கு 2004இல் ஒரு நல்ல தொடக்கம் இருந்தது. பிரிட்டிஷ் பத்திரிகையாளர் டேனி ஓ'பிரையன், நிறைய வேலை முடிக்கும் புரோகிராமர்களிடம் அவர்கள் வேலை செய்யும் விதத்தைக் கேட்டு, சான் டியேகோ மாநாட்டில் பேசினார். செய்ய வேண்டியதையெல்லாம் ஒரே சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைப்பது போன்ற எளிய வழிகள் அவை. யார், எதற்கு, எதை வைத்துச் செய்கிறார் என்பது அதில் இருந்தது. கைமாறி வரும்போது அந்த விவரமெல்லாம் கழன்று, வெறும் கட்டளை மட்டும் நம்மிடம் வந்து சேர்கிறது.

எனவே குறிப்பு போடும்போது, எந்த வகைக் கருவிக்கு, எந்த ஆண்டு நிலவரம், யார் சொன்னது என்று கீழே ஒரு வரி சேருங்கள். இடம் போதாவிட்டால் ஒரு குறிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. அரிசிக் குறிப்புக்கான திருத்தம் அதற்கு முன்பே, அதே பக்கத்தில் வர வேண்டும்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர்,
கோவில்பட்டி