கீழே எந்த எண்?

கியூர்பிப், மொரீஷியஸ்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. செவிலியர் வகுப்பில் வந்த பரிசோதனைக் கணக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். நோயுள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை என்றால், 'நோய் உண்டு' என்று முடிவு வந்தவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பும் நூற்றுக்குத் தொண்ணூறுதானே என்கிறாய். இல்லை அம்மா. நிபந்தனை நிகழ்தகவில், அதாவது ஒன்று நடந்தது தெரிந்தபின் இன்னொன்றுக்கான வாய்ப்பைக் கணிப்பதில், படித்தவர்களே சறுக்கும் இடம் இது. சூத்திரத்தை மூடி வைத்துவிட்டு நம் ஊர் மழையை எடுத்துக்கொள்.

தென்கிழக்குக் காற்று கடல் ஈரத்தோடு வந்து, மேட்டு நிலத்தில் ஏறிக் குளிர்ந்து, பெரும்பாலும் நம் தலையில் கொட்டிவிடுகிறது. கீழே கரையோரத்தில் போர்ட் லூயிஸ் பக்கம் இறங்கும்போது அதனிடம் மிச்சம் அதிகம் இருப்பதில்லை. இங்கே குடை விரித்து பஸ் ஏறியவர்கள் அங்கே வெயிலில் ஈரக் குடையோடு இறங்கி விழிப்பதைத்தான் நீ பார்த்திருக்கிறாயே!

30 நாள் உள்ள ஒரு மாதத்தில் இங்கே 20 நாள் மழை, அங்கே 6 நாள், இரண்டு ஊரிலும் ஒரே நாளில் பெய்தது 5 நாள் என்று வைத்துக்கொள். அங்கே மழை என்று தெரிந்தால், இங்கேயும் மழையாக இருக்க வாய்ப்பு 6-இல் 5. இங்கே மழை என்று தெரிந்தால், அங்கேயும் பெய்ய வாய்ப்பு 20-இல் 5, கால் பங்குதான். மேலே அதே 5. கீழே உள்ள எண்தான் வேறு. தெரிந்த செய்திக்குப் பொருந்தும் நாட்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

இனி உன் கணக்கு. 1,000 பேரில் 10 பேருக்கு நோய். அவர்களில் 9 பேரைப் பரிசோதனை பிடித்துவிடுகிறது. நோயில்லாத 990 பேரிலும் நூற்றுக்குப் பத்து வீதம் 99 பேருக்குத் தவறாக 'உண்டு' என்கிறது. ஆக, 'உண்டு' என்ற சீட்டோடு நிற்பவர்கள் 108 பேர். அவர்களில் நோயாளிகள் 9 பேர், பன்னிரண்டில் ஒருவர்! சீட்டைப் பார்த்துக் கலங்கி நிற்பவரிடம் தொண்ணூறு என்று சொல்லிவிடாதே.

ஆனால் அறிகுறிகளோடு மருத்துவமனைக்கு வருபவர்கள் வேறு கூட்டம். அவர்களில் 1,000-க்கு 300 பேருக்கு நோய் என்று வைத்து, அதே பரிசோதனையை நீயே போட்டுப் பார். எனக்கு 340-இல் 270 வருகிறது.

அன்புடன்,
அப்பா