நமது ஊர் ஊருணிச் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உள்ளூரிலும் வெளியூரிலும் இருந்து வந்திருக்கும் ஊரார்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கப் பணிகள் குறித்த அறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். உறுப்பினர் எண்ணிக்கையிலும் சந்தாவிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை என்பதால் நேராக ஊருணிக்கு வருகிறேன்.

2024 வடகிழக்குப் பருவமழை மாநிலத்துக்குக் குறை வைக்கவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டின் இயல்பான மழை ஏறத்தாழ 44 செ.மீ.; கடந்த பருவத்தில் சராசரியாக 59 செ.மீ. பதிவானது. ஆயினும் நமது குடிநீர் ஊருணி பாதிக்கு மேல் நிறையவில்லை. மிகை நீர் வெளியேறும் கலுங்கு வழியே ஒரு நாள்கூடத் தண்ணீர் வழியவில்லை. மழை பெய்தும் ஊருணி ஏன் நிறையவில்லை என்ற கேள்விக்கு விடை தேடுவதே இவ்வாண்டின் முதன்மைப் பணியாக இருந்தது.

நிர்வாகக் குழுவினர் மழை நாள்களிலேயே ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலை அதன் தலைப்பிலிருந்து ஊருணி வரை நடந்து பார்த்தனர். மேட்டுப் பொட்டலில் தொடங்கும் வாய்க்கால் தைலமரத் தோப்பின் அருகே போட்ட வரப்பால் தடைபட்டிருக்கிறது. சாலையைக் கடக்கும் பாலத்தின் குழாய் மண்ணால் அடைந்து கிடக்கிறது. அதற்குக் கீழே வீட்டுமனைகளுக்காக நிலத்தைச் சமன் செய்தபோது வாய்க்கால் இருந்த தடயமே மறைந்துவிட்டது. ஊருக்குள் நிலைமை இன்னும் மோசம். நம் முன்னோர் நேர்நேராகத் தெருக்களை வகுத்தபோது ஒவ்வொரு தெருவின் சாய்வையும் ஊருணியை நோக்கியே அமைத்தார்கள். வீட்டு முற்றத்தில் விழும் மழை வடிகால் வழியே தெருவுக்கும் தெருவிலிருந்து ஊருணிக்கும் சென்றது. பழைய சாலையைப் பெயர்த்தெடுக்காமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி சிமென்ட் சாலை போட்டதில் அந்தச் சாய்வு கெட்டுவிட்டது. போதாக்குறைக்கு, மழைநீருக்காகக் கட்டிய வடிகால்களில் இப்போது அடுப்படித் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் ஓடுவதால், அவற்றை அப்படியே ஊருணியில் விடவும் முடியாது.

ஊருணியைப் பொக்லைன் கொண்டு மேலும் ஆழப்படுத்த வேண்டும் என்று உறுப்பினர் சிலர் எழுத்து மூலம் கோரியிருந்தனர். அதற்கு நன்கொடை தரவும் முன்வந்தனர். அவர்களுடைய அக்கறையைக் குழு மதிக்கிறது. ஆனால் நீரை எளிதில் உள்ளே இறங்கவிடும் செம்பூரான்கல் படிந்த நமது நிலத்தில் ஊருணியின் அடியில் படிந்திருக்கும் களிமண்தான் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிறது. மேலே சேர்ந்த வண்டலை அள்ளுவது வேறு, அந்தக் களியையே தோண்டி எடுப்பது வேறு. களி உடைந்த ஊருணி எவ்வளவு ஆழமானாலும் மழை நின்ற சில வாரங்களில் வற்றிவிடும். தண்ணீர் வந்து சேராத பள்ளத்தை ஆழமாக்குவதில் பொருளும் இல்லை. எனவே கையிருப்புப் பணத்தை முதலில் வரத்துக்காலுக்கே செலவிடுவதென்றும், வண்டல் எடுப்பதை அனுபவமுள்ள மண்வேலைக்காரர் முன்னிலையில் அளவோடு செய்வதென்றும் குழு தீர்மானித்தது. ஆழப்படுத்தும் படங்கள் வாட்ஸ்அப்பில் அழகாக இருக்கும் என்பதை நானும் மறுக்கவில்லை.

வாய்க்கால் புறம்போக்கை அளந்து எல்லைக்கல் நட்டுத் தருமாறு, நில அளவை வரைபடமான புலப்படத்தின் நகலையும், நிலங்களின் விவரம் அடங்கிய வருவாய்த் துறையின் அ-பதிவேட்டின் நகலையும் இணைத்து உரிய அலுவலகத்தில் மனு அளித்துள்ளோம். அது நிலுவையில் இருக்கிறது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22ஐ ஒட்டி நடைபெற்ற கிராம சபையிலும் இதே கோரிக்கையைத் தீர்மானமாக வைத்தோம்.

குழாயில் காவிரித் தண்ணீர் வரும்போது ஊருணி எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டம் நமக்குப் பேருதவி என்பதில் ஐயமில்லை. கோடையில் குடத்தோடு அலைந்த பெண்களின் துன்பம் அதனால் குறைந்தது. ஆனால் அந்தத் தண்ணீர் திருச்சிப் பக்கத்துக் காவிரிப் படுகையிலிருந்து மின்விசையால் ஏற்றப்பட்டு நெடுந்தூரம் குழாயில் வருகிறது. வழியில் ஒரு குழாய் உடைந்தாலும், மின்சாரம் நின்றாலும் இங்கே குழாய் காய்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய அளவை ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) என்று குறைத்து நிர்ணயித்ததையும், அதே ஆற்றை நம்பி நகரங்கள் பெருகுவதையும் சேர்த்து எண்ண வேண்டும். 2021இல் அடிக்கல் நாட்டப்பட்ட காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு நிறைவேறினால் இப்பகுதிக் கண்மாய்களுக்கு நன்மை வரும். அதுவும் வெள்ளக் காலத்து உபரி நீரை நம்பிய திட்டமே.

தண்ணீரின் தரம் பற்றியும் சொல்ல வேண்டும். ஊருக்கு ஆர்.ஓ. எனும் நீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கித்தர வெளியூர்வாழ் அன்பர் ஒருவர் முன்வந்தார். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. ஃபுளோரைடு 1.5, நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இவற்றைச் சோதிக்காமல் இயந்திரம் வாங்குவது முறையன்று. அதில் வீணாகும் கழிவுநீரும் கொஞ்சநஞ்சமன்று. ஆகையால் கிணறு, ஆழ்குழாய், குழாய்த் தண்ணீர் மூன்றின் மாதிரிகளையும் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் சோதித்த பின் முடிவெடுக்கலாம் என்று அன்பரிடம் தெரிவித்தோம். அவரும் பெருந்தன்மையோடு இசைந்தார். ஊருணி நீரில் தேத்தாங்கொட்டையை உரசினால் போதும் என்று மூத்த ஆச்சிமார் சொல்வதுண்டு. அது கலங்கலைத் தெளியவைக்குமே தவிரக் கிருமியைக் கொல்லாது. காய்ச்சிக் குடிப்பதே பாதுகாப்பு.

இனி, ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் கூரையில் விழும் மழைநீர் பற்றி. 1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் கிடைக்கும். 500 சதுர மீட்டர் ஓட்டுக்கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால் 50,000 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கிடுகிறது; ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர். சேதாரத்தைக் கழித்தாலும் ஒரு பருவமழையில் ஒரு பெரிய வீட்டின் முற்றம் ஒரு குடும்பத்தின் ஆண்டுத் தேவைக்கு மேலேயே தரும். முற்றத்து நீரை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்து, மிஞ்சியதைக் கிணற்றுக்கு அனுப்பிய ஏற்பாடு நடுமுற்றம் கொண்ட நம் வளவு வீடுகளில் முன்பே இருந்தது. 2003இல் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் அரசு கட்டாயமாக்கியபோது நமக்கு வேண்டியிருந்தது புதுக் குழாய் அன்று, அடைப்பெடுத்தல் மட்டுமே. பங்காளிகள் பலர், சாவி ஒருவரிடம் என்ற நிலையால் அதுவும் பல வீடுகளில் நடக்கவில்லை.

எனவே கீழ்க்கண்டவற்றுக்கு ஒப்புதல் கோருகிறேன்: ஐப்பசி மழைக்கு முன் வரத்துக்காலில் அடைந்த பாலத்தைத் திறந்து விடுதல், கழிவுநீர் கலக்கும் வடிகால்களை ஊருணி வாயிலிலிருந்து விலக்கி உறிஞ்சுகுழிக்குத் திருப்புதல், பூட்டிய வீடுகளின் ஓட்டுக்கூரையையும் முற்றத்து வடிகாலையும் ஆண்டுக்கு ஒருமுறை துப்புரவு செய்யப் பங்காளிகள் அனைவரிடமும் எழுத்து மூலம் இசைவு பெறுதல். இசைவுப் படிவங்கள் வாசலருகே மேசையில் உள்ளன. சென்னையிலும் மலேசியாவிலும் உள்ள பங்காளிகளுக்குப் படிவத்தை அனுப்பி, கையொப்பம் பெற்று, ஆவணிக்குள் சங்க அலுவலகத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்