52 வெட்டுகளும் ஒரு படத்தொகுப்பு விருதும்: தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றியத் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சகத்தின் திரைப்படப் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் சென்னையில் திரைப்பட ஒலிக்கலவைக் கூடங்களில் வேலை பார்ப்பவன். தணிக்கை வாரியத்தின் முடிவை எதிர்த்து முறையிட இருந்து, 2021 ஏப்ரலில் அவசரச் சட்டத்தால் கலைக்கப்பட்ட திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஏன் கேட்கிறேன் என்பதை விளக்க ஒரு தாதா படத்தின் கதையே போதும். அதில் பாதி உங்கள் கோப்புகளிலேயே இருக்கும்.

தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம் 'ஆரண்ய காண்டம்'. தயாரித்தவர் எஸ்.பி.பி. சரண். 2010இல் நியூயார்க்கில் நடந்த தெற்காசியத் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பெரும்பரிசு அதற்குக் கிடைத்தது. சென்னையில் தணிக்கைக்குப் போனபோதோ 52 வெட்டுகள் கேட்கப்பட்டன. படக்குழு அதை ஏற்கவில்லை, டெல்லியில் இருந்த தீர்ப்பாயத்துக்குப் போனது. அங்கே படம் பிழைத்தது. 'ஏ' சான்றிதழோடு 2011 ஜூன் 10 அன்று திரைக்கு வந்தது. பிறகு 59ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி விருது குமாரராஜாவுக்கும், சிறந்த படத்தொகுப்புக்கான விருது பிரவீன் கே.எல்., என்.பி. ஸ்ரீகாந்த் இருவருக்கும் கிடைத்தன.

படத்தொகுப்பு விருது என்பதைச் சற்று நின்று பாருங்கள். தணிக்கை வாரியமும் தேசிய விருதும் உங்கள் அமைச்சகத்தின் கீழ்தான் வருகின்றன. ஒரு கை 52 இடங்களில் வெட்டச் சொன்னது. மறு கை, அதே படத்தின் தொகுப்பை நாட்டிலேயே சிறந்தது என்றது. இரண்டுக்கும் நடுவே ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் சிலர் உட்கார்ந்து, முழுப்படத்தையும் பார்த்து, இரு தரப்பையும் கேட்க ஓர் இடம் இருந்தது. அந்த இடம் இல்லாமலிருந்தால் விருதுக் குழுவின் முன்னால் எந்தப் படம் போயிருக்கும்?

ஒரே நாளில் நடந்து முடிகிற கதை 'ஆரண்ய காண்டம்'. ஜாக்கி ஷெராஃப் நடித்த சிங்கப்பெருமாள் என்ற முதிய தாதா, அவரிடமிருந்து உயிர் தப்பி ஓடும் பசுபதி, வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் சுப்பு. இவர்களோடு, வாழ்ந்து கெட்டுச் சேவல் சண்டையை நம்பி நகரத்துக்கு வந்த காளையனும் அவன் மகன் கொடுக்காப்புளியும். அப்பாவை உனக்கு அவ்வளவு பிடிக்குமா என்று அந்தப் பையனிடம் ஒரு கேள்வி வரும். அப்படியெல்லாம் இல்லை, ஆனாலும் அவர் அப்பாவாயிற்றே என்ற பொருளில் ஒரு பதில் சொல்வான். கத்தியும் வசவுமாகப் போய்க்கொண்டிருக்கும் படத்தில் அந்தப் பதில் வந்து விழும்போது நெஞ்சு கனத்துவிடும். சுற்றியிருக்கும் கடுமையை வழித்தெடுத்துவிட்டு இதை மட்டும் வைத்தால் அது சாதாரண வசனம். 1991ஆம் ஆண்டின் உங்கள் சொந்த வழிகாட்டு நெறிகளே, ஒரு படத்தை முழுமையாக, அதன் ஒட்டுமொத்த விளைவைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்கின்றன. எண் போட்டு வருகிற வெட்டுப் பட்டியலில் அந்த முழுமை எங்கே தெரிகிறது?

என் வேலையிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வசவுச் சொல்லை 'ஒலி நீக்கம் செய்க' என்று எழுதுவது எளிது. படப்பிடிப்பின்போதே குரலைப் பதிவு செய்யும் படங்களில், நடிகரின் குரலும் தெருவின் இரைச்சலும் ஒரே தடத்தில் பதிந்திருக்கும். சொல்லை எடுத்தால் அந்த அரை நொடிக்குத் தெருவும் சேர்ந்து செத்துப்போகும். யாரும் பேசாதபோது அதே இடத்தில் பதிவுசெய்த ஒலியைத் தேடிப்பிடித்து, காற்றும் தூரத்து ஹாரனும் பொருந்தும்படி ஒட்டவேண்டும். ஒட்டிய பிறகும் உதடு அசைவது தெரியும். பார்ப்பவர் அந்தச் சொல்லைத் தாமே நிரப்பிக்கொள்வார், அரங்கில் சிரிப்பு எழும். கழுத்தில் கத்தி வைத்த காட்சியில் சிரிப்பு எழுந்தால் அந்தக் காட்சி அதோடு முடிந்தது. இத்தனைக்கும் 'ஏ' சான்றிதழ் வாங்கிய படத்திலும் இதைச் செய்யச் சொல்கிறார்கள். வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று வாசலில் எழுதிவைத்த பிறகு, உள்ளே இருப்பவரின் காதை ஏன் பொத்த வேண்டும்?

தாதா படம் என்றால் மலிவான சரக்கு என்ற எண்ணம் அதிகாரிகளிடம் மட்டுமல்ல, படித்த பார்வையாளர்களிடமும் இருக்கிறது. 1987இல் வந்த 'நாயகன்' படத்துக்காகக் கலை இயக்குநர் தோட்டா தரணி மும்பையின் தாராவியைச் சென்னையில் அரங்கமாக எழுப்பினார். அவருக்கும் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமுக்கும் நடிகர் கமல்ஹாசனுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. செல்வராகவனின் 'புதுப்பேட்டை' 2006இல் வந்தபோது பலர் முகம் சுளித்தார்கள். இன்று அதை மீண்டும் மீண்டும் பார்க்கிற ஒரு தலைமுறையே இருக்கிறது. 'ஆரண்ய காண்ட'மும் திரையரங்கில் ஓடவில்லை, பிறகுதான் கொண்டாடப்பட்டது. குமாரராஜாவின் அடுத்த படம் வர 2019 ஆயிற்று. இந்த வகைப் படங்களுக்கான தீர்ப்பு பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறது. அதுவரை படம் முழு உடம்போடு இருக்கவேண்டும்.

வடசென்னை என்றாலே ரவுடிகள் என்று காட்டுகிறார்களே என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. அது நியாயமான கோபம். ஆனால் அந்தக் கோபத்துக்கு வழி தணிக்கை அல்ல. 2018இல் வெற்றிமாறனின் 'வடசென்னை' படம் வாரியத்தின் 'ஏ' சான்றிதழோடுதான் வந்தது. படகில் நடக்கும் ஒரு காட்சி தங்களை இழிவுபடுத்துகிறது என்று மீனவ மக்கள் எதிர்த்தார்கள். வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்து, அந்தக் காட்சியை நீக்குவதாக அறிவித்தார். வாரியத்தின் கண்ணில் படாத காயம் அந்த மக்களின் கண்ணில் பட்டது, படைத்தவர் காது கொடுத்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பா. இரஞ்சித் அதே நிலப்பரப்பில் 'மெட்ராஸ்' எடுத்து வேறொரு வாழ்க்கையைக் காட்டியிருந்தார். படத்துக்குப் படம் பதில் சொல்வதும், மக்கள் நேரே பேசுவதும் ஆரோக்கியமானவை.

இனிப் பணத்துக்கு வருகிறேன். முதல் படம் எடுக்கும் தயாரிப்பாளர் பெரும்பாலும் வட்டிக்கு வாங்கித்தான் எடுக்கிறார். வெளியீட்டுத் தேதி தள்ளினால் வட்டி ஏறும், பிடித்துவைத்த திரையரங்குகள் கைநழுவும். இப்போது தணிக்கைக் குழு, அடுத்து மறுசீராய்வுக் குழு, அதற்கும் மேல் நேராக உயர் நீதிமன்றம். வழக்கறிஞர் கட்டணத்தையும் வாய்தாக்களையும் நினைத்துப் பார்த்துவிட்டு, சரி, வெட்டிவிடலாம் என்று தலையாட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு படத்தின் ஒலிக்கலவையில் நான் இருந்தேன். இயக்குநர் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு சொல் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்குப் போட்டவர்களுக்கும் எளிதாக இல்லை. 2025இல் தணிக்கையை எதிர்த்துப் போடப்பட்ட 'மனுசி' பட வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியே படத்தைப் பார்த்து முடிவு செய்யவேண்டி வந்தது. ஆயிரம் வழக்குகள் காத்திருக்கும் மன்றத்துக்கு ஏன் இந்தச் சுமை?

2023இல் நீங்கள் கொண்டுவந்த திருத்தத்தில் நல்லவை இருந்தன. 7, 13, 16 என்று வயதுவாரியாக யுஏ சான்றிதழைப் பிரித்தது சரியான வேலை. அதே திருத்தத்தில் தீர்ப்பாயத்தையும் மீட்டிருக்கலாம், விட்டுவிட்டீர்கள். 1983இலிருந்து 2021 வரை இயங்கிய அமைப்பு அது. 'பேண்டிட் குயின்' என்ற இந்திப் படத்தின் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தள்ளிவிட்டு அந்தத் தீர்ப்பாயத்தின் முடிவையே நிலைநிறுத்தியது.

ஆகவே தீர்ப்பாயம் வேண்டும். இந்த முறை அதன் அமர்வு ஒன்று சென்னையிலும் இருக்கட்டும், தமிழ் வசனத்தின் சூடும் நையாண்டியும் தெரிந்தவர்கள் அதில் உட்காரட்டும். மேல்முறையீட்டுக்கு முடிவு சொல்ல நாள் கெடு இருக்கட்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் காரணத்தை எழுத்தில், தமிழில் கொடுங்கள். திரைப்படச் சட்டத்துக்கு அடுத்த திருத்த மசோதா வரும்போது இவை அதில் இடம்பெற வேண்டும். அமைச்சகம் கருத்துக் கேட்டால் எங்கள் கூடங்களிலிருந்து வந்து பேசப் பலர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஓர் ஒலிக்கலவைத் தொழிலாளி