தழும்பில்லாத கையிலிருந்து

திருவள்ளூர்,
ஞாயிறு காலை.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஒன்பது குறிப்புகளையும் கடைத்தெருவில் அச்செடுத்து, ஓரத்தில் தைத்து, இரண்டு முறை படித்துவிட்டேன். வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து, அது தன் மனத்தில் எழுப்பிய எண்ணங்களை மாணவர்கள் எழுதித் தரவேண்டும் என்ற உங்கள் துறையின் வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் பயிற்சிக் காலத்தில் செய்முறையை மட்டுமே எழுதச் சொன்னார்கள். கருத்தை யாரும் கேட்டதில்லை. "தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லம்மா" என்று நீ எழுதியிருந்தாய். எடின்பரோவில் முதுகலை படிக்கும் பெண்ணுக்கு, முப்பத்து மூன்று ஆண்டுகள் சளி ஸ்லைடு பார்த்த லேப் டெக்னீசியன் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. காசநோயைப் பற்றிய உன் குறிப்புகளுக்கு வந்ததும் அந்தத் தயக்கம் போய்விட்டது.

முதலில் நான்காவது குறிப்பு. எம்72 என்ற புதிய தடுப்பூசி காசநோயைப் பாதியாகக் குறைக்கும் என்பது "நிரூபிக்கப்பட்டுவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். நீ இணைத்திருந்த அட்டவணையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கென்யா, தென்னாப்பிரிக்கா, ஜாம்பியா ஆகிய நாடுகளில், கிருமி ஏற்கெனவே உடலுக்குள் புகுந்திருந்தும் நோயாக வெளிப்படாத, எச்.ஐ.வி. தொற்று இல்லாத பெரியவர்களைச் சேர்த்து, மூன்று ஆண்டுகள் கவனித்திருக்கிறார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்ட 1,626 பேரில் 13 பேருக்கும், மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்ட 1,663 பேரில் 26 பேருக்கும் நுரையீரல் காசநோய் வந்திருக்கிறது. 49.7 சதவீதம் என்ற அந்தப் பெரிய எண் இந்த முப்பத்தொன்பது பேரை மட்டுமே நம்பி நிற்கிறது. அதனால்தான் கட்டுரையாளர்களே பக்கத்தில் 2.1 முதல் 74.2 வரை, உண்மையான பலன் இதற்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்ற எல்லையையும் கொடுத்திருக்கிறார்கள். உன் குறிப்பில் அந்த எல்லை இல்லை. 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கி, 20,000 பேர் வரை சேர்க்கும் அடுத்த ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது என்றால், நடத்துகிறவர்களுக்கே இன்னும் கேள்வி மிச்சமிருக்கிறது என்றுதானே பொருள்?

இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், அல்ஸைமர் நோய்க்கான லெக்கனெமாப் மருந்தைப் பற்றிய ஆறாவது குறிப்பில் நீ இந்தத் தவறைச் செய்யவில்லை. 1,795 பேரிடம் பதினெட்டு மாதம் நடந்த ஆய்வில் நோயின் வேகம் 27 சதவீதம் குறைந்தது என்ற செய்தியைக் கண்டு மயங்காமல், அது 18 புள்ளி கொண்ட அளவுகோலில் 0.45 புள்ளி வேறுபாடு மட்டுமே என்று பிரித்துக் காட்டி, "இந்த அரைப் புள்ளி, நோயாளியோடு ஒரே வீட்டில் இருக்கும் மகளின் கண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டிருந்தாய். ஒன்பது குறிப்புகளிலும் அந்த ஒரு வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. உனக்கு விருப்பமில்லாத மருந்தைப் பார்த்த அதே கண்ணால், நீ ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்படும் தடுப்பூசியையும் பார்க்க வேண்டும்.

நான் இதைச் சொல்ல ஒரு சொந்தக் காரணமும் உண்டு. சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து, "பெரியம்மா தோளில் தழும்பு இருக்கிறதே, உனக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்பாய், ஊசி எனக்குப் பயந்து ஓடிவிட்டது என்று ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறேன். அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நம் திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில், 1968-இல் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் ஆய்வு தொடங்கியது. கைக்குழந்தை முதல் கிழவர் வரை சுமார் 2.6 லட்சம் பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு முழு அளவு பி.சி.ஜி., சிலருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, சிலருக்கு மருந்தே இல்லாத ஊசி. எவருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது இருக்கும். பெரியம்மாவும் நானும் ஒரே வரிசையில், ஒருவர் பின் ஒருவராக நின்றோம். அவள் தோள் புண்ணாகி ஆறித் தழும்பாயிற்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்தில்லாத ஊசிதான் எனக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் பி.சி.ஜி. போட்டவர்களிலும் சிலருக்குத் தழும்பு விழாமல் போவதுண்டு, ஆகவே அடித்துச் சொல்ல மாட்டேன்.

அந்த ஆய்வு தொடங்கியபோது பி.சி.ஜி.யின் பெயர் உச்சத்தில் இருந்தது. பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வில் அது ஏறத்தாழ 80 சதவீதம் பாதுகாப்புத் தந்திருந்தது; நம் ஊரிலும் அப்படியே தரும் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். ஏழரை ஆண்டுகள் கவனித்தபின் வந்த முடிவு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது இங்கே தடுக்கவில்லை என்பது. பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அதே கதைதான். மண்ணிலும் நீரிலும் இருக்கும் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் நம் உடலை முன்பே பழக்கிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காப்பாற்றுவதால், இன்றும் பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. போடுகிறோம், உன் தோளிலும் அந்தத் தழும்பு இருக்கிறது. லண்டனில் பலித்த ஊசி திருவள்ளூரில் பலிக்கவில்லை என்ற செய்தியைக் கேட்டு வளர்ந்தவள் நான். மூன்று ஆப்பிரிக்க நாடுகளில் முப்பத்தொன்பது நோயாளிகளைக் கொண்டு கிடைத்த எண்ணை உலகம் முழுவதற்கும் பொருத்த எனக்குக் கை வரவில்லை.

இனி ஏழாவது குறிப்பு. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம் நடத்திய முதல் ஆய்வை, "உணவின் பங்கை மறுத்த தவறான முடிவு" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டாய். அதற்கு ஆதாரமாக ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான உணவு ஆய்வைக் காட்டியிருக்கிறாய். இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதற்கு முன், ஒவ்வொன்றும் என்ன கேள்வி கேட்டது என்று நீ எழுதியிருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான். மாதக்கணக்கில் கட்டில், ஓய்வு, முட்டை, பால், நல்ல காற்று. நீ இருக்கும் ஊரிலேயே மருத்துவர் ஜான் கிராஃப்டன் 1950-களில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து நோயை முழுமையாகக் குணப்படுத்த முடியும் என்று காட்டினார். ஆனால் அங்கே ஆஸ்பத்திரிக் கட்டில் இருந்தது. சென்னையில் நோயாளிகள் இருந்த அளவுக்குக் கட்டில் இல்லை. ஆகவே மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். பாதிப் பேரை, நெருக்கமான தெருக்களில் இருந்த அவர்கள் வீட்டிலேயே வைத்து, அதே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிகமாக வேலை செய்தார்கள், எடையும் குறைவாகத்தான் ஏறியது. அப்படியிருந்தும் 1959-இல் வெளியான முடிவின்படி, குணமானவர்களின் விகிதத்தில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடில்லை. வீட்டில் சிகிச்சை பெற்றதால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை என்பது பின்னர் தெரிந்தது. கட்டில் கிடைக்கும்வரை காத்திருந்து செத்துக்கொண்டிருந்த ஏழைகளுக்கு அந்த முடிவு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நீ எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று உலகமெங்கும் காசநோயாளிகள் வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிடுவதற்கு அந்தச் சேத்துப்பட்டு ஆய்வு ஒரு முக்கியமான காரணம்.

அவர்கள் கேட்டது, மருந்து கிடைத்தால் கட்டிலும் சத்துணவும் இல்லாமல் கிருமியை ஒழிக்க முடியுமா என்பது. முடியும் என்று பதில் வந்தது. சோறு வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அப்படிச் சொன்னவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். நானே எத்தனையோ பேரிடம், "சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், மாத்திரையை மட்டும் விடாமல் போடுங்கள்" என்று சொல்லியிருக்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு செங்கல்சூளைத் தொழிலாளி வருவார். எடை முப்பத்தொரு கிலோ. "சளியில் பூச்சி இருக்காம்மா?" என்பதுதான் அவர் ஒவ்வொரு முறையும் கேட்கும் ஒரே கேள்வி. இரண்டாம் மாத முடிவில் நுண்ணோக்கியில் நூறு புலங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கிருமியைக் காட்டும் ஒரு சிவப்புக் கோடுகூடக் கண்ணில் படாததால், "இல்லை" என்று மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுத்தேன். மறு மாதம் அவர் மனைவி மட்டும் வந்து மீதி மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். என் பதிவேட்டில் அவர் நன்றாகத் தேறிவந்த நோயாளி. சளியில் பூச்சி இல்லை என்று நான் எழுதியது உண்மைதான், ஆனால் அவர் உடம்பில் உயிர் தாங்கும் அளவுக்குச் சதை இருக்கிறதா என்ற கேள்விக்கு என் மேசையில் கட்டம் இல்லை.

ஜார்க்கண்டு ஆய்வு அந்தக் கட்டத்தைத்தான் போட்டது. நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்கும் மாதம் பத்துக் கிலோ உணவுப் பொருள் கொடுத்துவிட்டு, வீட்டாரில் ஒரு தரப்புக்கு மட்டும் ஆளுக்கு ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. கிருமி உறுதிப்பட்ட நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிடையே, முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் ஏறியவர்களுக்கு இறப்பின் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த 61 என்ற எண்ணை மட்டும் கவனமாகக் கையாள வேண்டும், மகளே. எல்லா நோயாளிகளும் உணவு பெற்றவர்கள் என்பதால், எடை ஏறியதால் பிழைத்தார்களா, பிழைக்கக்கூடிய உடம்பாக இருந்ததால் எடை ஏறியதா என்பதை அந்த எண் தனியாகச் சொல்லாது. 39 சதவீதத்தையும் 61 சதவீதத்தையும் நீ ஒரே தட்டில் வைத்து நிறுத்துவிட்டாய்.

நம் மாநிலத்தில் 2022-இல் தொடங்கிய "காசநோய் இறப்பில்லாத் திட்டம்" நான் ஓய்வு பெற்றபின் வந்தது. நோய் கண்டறிந்த உடனேயே எடை, மூச்சுத்திணறல், துணையின்றி நிற்க முடிகிறதா என்ற மூன்றையும் பார்த்து, மோசமானவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். மறுபடியும் கட்டிலுக்கே வந்துவிட்டோம் என்று நீ கேலி செய்யலாம். எல்லாருக்கும் கட்டில் தேவையில்லை என்பதை 1959-லேயே தெரிந்துகொண்டதால்தான், யாருக்குத் தேவை என்று இப்போது பிரித்துப் பார்க்க முடிகிறது. எனக்கு அந்தச் செங்கல்சூளைக்காரர் நினைவு வந்தது.

உளவியல் குறிப்புகளைப் பற்றி எனக்குப் பேச அதிகத் தகுதியில்லை. ஆனாலும் மிட்டாய்ச் சோதனை பற்றிய குறிப்பில் நீ கடைசியாகச் சேர்த்த, "ஏழைக் குழந்தைகளுக்குப் பொறுமையைக் கற்பிக்க வேண்டும்" என்ற வரியை எடுத்துவிடச் சொல்வேன். முன்னால் இருக்கும் மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும் என்று சொல்லி, ஸ்டான்ஃபோர்டு வளாகத்துக் குழந்தைகள் காப்பகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷல் செய்த சோதனையிலிருந்து, காத்திருந்து இரண்டாவது மிட்டாயை வாங்கிய குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்று உலகம் பேசியது. 2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் மீண்டும் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததும் இன்னும் வெகுவாகக் குறைந்தது. அதற்கு முன்பே, 2013-இல் வந்த ஒரு சிறு ஆய்வு 28 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தது: சொன்ன வாக்கைக் காப்பாற்றிய பெரியவரிடம் குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாற்றியவரிடம் மூன்று நிமிடம். "நாளைக்கு வா, சர்க்கரை தருகிறேன்" என்று சொல்லப்பட்டு, மறுநாள் போய் வெறும் பையோடு திரும்பிய வீட்டுக் குழந்தை கையில் இருப்பதை உடனே வாயில் போட்டுக்கொண்டால், அதற்குப் புத்தி நன்றாக வேலை செய்கிறது என்றுதான் நான் சொல்வேன். இருபத்தெட்டு குழந்தைகள் மிகக் குறைவு என்று நீ என்னைத் திருப்பிக் கேட்பாய். கேட்க வேண்டும்.

புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரலைப் பற்றிய குறிப்பில் வேறு குறை இல்லை. ஆனால் "புரத அமைப்பின் ஆய்வு 2020-களில் பிறந்தது" என்ற தொடக்கம் சரியில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் தன் சகாக்கள் இருவருடன் 1963-இல் வெளியிட்ட வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் ஒரு புரத வடிவம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். உங்கள் பேராசிரியருக்கு அது தெரிந்திருக்கும். நீ சொல்லாமல் விட்டது எனக்குத்தான் குறை.

அடுத்த வாரம் குடல் பாக்டீரியாவும் மனச்சோர்வும் பற்றிய கட்டுரை என்றாய். எலிகளிடம் பார்த்தார்களா, மனிதர்களிடம் பார்த்தார்களா என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடு. மீதியை எனக்கு அனுப்பு.

பெரியம்மா நேற்று வந்திருக்கிறாள். செங்கல்பட்டு ஆய்வைப் பற்றி உன் வகுப்பில் பேசப் போவதாகச் சொன்னாயே, அதற்காக இருவர் தோள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து இன்று மாலை அனுப்புகிறேன். பெரியம்மா சம்மதித்துவிட்டாள், முகம் தெரியக்கூடாது என்று மட்டும் சொன்னாள், தலைக்குச் சாயம் அடித்து இரண்டு மாதமாகிறதாம்.

அன்புடன்,
உன் அம்மா.