தாமரைக் குளத்துக்கு அரை மணி நேரம் கொடுங்கள்

பள்ளிச் சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் ஊர் சுற்றுகிறவன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து எப்போதாவது வெளிநாடு, லீவு கிடைத்தால் பக்கத்து மாவட்டம் என்று போய் வருவேன். சமீபத்தில் புதுக்கோட்டை பக்கம் சித்தன்னவாசலில் பார்த்தது மனசை விட்டுப் போகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

காலை பத்து மணிக்கு அங்கே அறிவர் கோயில் என்ற சமணக் கோயிலின் மண்டபத்தில் நின்றிருந்தேன். சின்னக் குடைவரைதான், இருபது பேர் சேர்ந்து நின்றாலே நெருக்கடி. வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் மேலே விதானத்தில் இருக்கும் ஓவியம் ஒன்றுமே தெரியாது. அண்ணாந்தபடி ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். முதலில் மங்கலாக ஒரு பச்சை. அது தாமரை இலை. அப்புறம் ஒரு மீன், அதன் பக்கத்தில் இன்னொன்று. எருமை, யானை, அன்னம். குளத்துக்குள் நின்று தாமரை பறிக்கும் ஓர் ஆள். பாண்டியர் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், இந்தக் கோயிலைப் புதுப்பித்தவர் இளங்கௌதமன் என்று அங்கேயே பாறையில் வெட்டியிருக்கிறது. கல்வெட்டு அவரை 'மதுரை ஆசிரியன்' என்றுதான் சொல்கிறது.

அந்த நேரத்தில் ஒரு பள்ளி பஸ் வந்தது. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக வரிசையில் உள்ளே வந்தார்கள், அண்ணாந்தார்கள், வெளியே போனார்கள். எல்லோரும் பார்த்து முடிக்க ஏழு நிமிஷம். முந்தின நாள் ராத்திரி கிளம்பியவர்களாம். அடுத்து திருமயம் கோட்டை, தஞ்சைப் பெரிய கோயில், சாயங்காலம் திருச்சி மலைக்கோட்டை. ஆறாம் வகுப்பு இருக்கும், ஒரு பெண் மட்டும் நகராமல் நின்று, "சார், அவர் பூவை யாருக்குப் பறிக்கிறார்?" என்று கேட்டாள். "நேரமாச்சும்மா, வண்டியில ஏறு" என்றார் ஆசிரியர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் கண் சிவந்திருந்தது. தலையை எண்ணுவதா, கேள்விக்குப் பதில் சொல்வதா? தப்பு அவரிடம் இல்லை, ஒரே நாளில் நாலு ஊரைத் திணித்த அந்தத் திட்டத்தில் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்போடியா போயிருந்தேன். அங்கோர் வாட் கோயிலில், பாற்கடல் கடையும் புடைப்புச் சிற்பம் ஒரு சுவர் நீளத்துக்கு, 49 மீட்டர் ஓடுகிறது. அதன் முன்னால் உள்ளூர்ப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் டீச்சர் பாதிப் பேரைத் தேவர் பக்கமும் மீதிப் பேரை அசுரர் பக்கமும் அனுப்பி எண்ணச் சொன்னார். மொழி புரியாவிட்டாலும் விளையாட்டு புரிந்தது. தேவர் 88, அசுரர் 92. ஒரு பையனுக்குக் கணக்கு தப்பிவிட, முதலிலிருந்து மறுபடி எண்ணினான். நான் ஒரு சுற்று போய்த் திரும்பி வந்தபோதும் அவர்கள் அதே சுவரோடுதான் இருந்தார்கள். அத்தனை பெரிய கோயிலில் அன்றைக்கு அவர்கள் பார்த்தது அந்த ஒரு சுவராகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பையன் அதை மறக்க மாட்டான்.

அஜந்தாவில் நான் செய்தது இதற்கு நேர்மாறு. முப்பது குகையையும் ஒரே மூச்சில் பார்க்கிறேன் என்று ஓடினேன். இன்றைக்குக் கண்ணை மூடினால் முதல் குகை ஓவியத்தில் இருக்கும் போதிசத்துவர் பத்மபாணி மட்டும்தான் வருகிறார், கையில் தாமரையோடு.

அதனால்தான் கேட்கிறேன். ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும், மிஞ்சினால் இரண்டு. சித்தன்னவாசல் போனால் காலையிலேயே மலைமேல் இருக்கும் ஏழடிப்பட்டம் குகைக்கு ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது. அங்கே சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் 17 இருக்கின்றன, தலை வைக்கக் கல்லிலேயே தலையணை மேடு விட்டிருக்கிறார்கள். அங்கே தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டும் இருக்கிறது. அந்த எழுத்துகளை முந்தின நாள் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டுப் போனால், பிள்ளைகள் தாங்களே எழுத்துக் கூட்டிப் பார்ப்பார்கள். குடைவரையின் கருவறை நடுவில் ஒவ்வொருவராக நிற்க வைத்து, வாயை மூடி 'ம்ம்' என்று மெல்ல முனகச் சொல்லுங்கள். சத்தம் சுவர் முழுக்கப் பரவித் திரும்பி வரும்.

மத்தியானத்துக்கு மேல் குடுமியான்மலை. பாறையில் சுரங்களை வெட்டி வைத்திருக்கும் இசைக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. பாட்டு டீச்சரை மறக்காமல் கூட்டிப்போங்கள்.

அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் உண்டு. சமணர் வணங்கும் அருகரின் உபதேசம் கேட்கும் சபையான சமவசரணத்துக்குப் போகும் வழியில் ஒரு தாமரைக் குளம் இருக்கும் என்பது சமணர் நம்பிக்கை. அங்கே வரும் அடியவர்கள், பவ்வியர் என்பார்கள், அருகரை வணங்கப் பூப் பறிக்கிறார்கள். விதானத்தில் இருப்பது அந்தக் குளம்தான் என்கிறார்கள் அறிஞர்கள். இதைச் சொல்ல நான் வெளியே வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ரெட்டைச் சடை, நீல ரிப்பன். உங்கள் பள்ளிப் பெண் என்றால், தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு பயணி